வான் பாயும் அளவு

வவுனியாவிலிருந்து மன்னார் றோட்டால் போகிற பஸ், செட்டிகுளத்துக்கு முன்னர் பூவரசங்குளத்தில் நிற்கும். மரமும் குளமும் சேர்ந்து பெயரான ஊர். வன்னியின் ஊர்ப்பெயர்களை எழுதிப் பார்த்தால் பாதிக்குப் பாதி குளத்தில்தான் முடியும். இந்தப் பக்கம் வளர்ந்த பிள்ளைக்கு ஒரு விசயத்தைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை: மழை எவ்வளவு பெய்தது என்பது ஒரு கேள்வி, குளம் வான் பாய்ந்ததா என்பது வேறு கேள்வி. ஒரே இரவு மழைக்குச் சின்னக் குளம் நிரம்பி வான் பாயும். பெரிய குளத்தின் நடுத்தரை மட்டும் நனைந்திருக்கும்.

உடற்பருமனின் கடுமையை வைத்தியர்கள் எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று எழுத இருந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது தராசு அல்ல, இந்த வான்தான்.

ஆனால் கிளினிக்கில் எல்லாம் தராசில்தான் தொடங்கும். 2011இலிருந்து அரசு வைத்தியசாலைகளில் சுகவாழ்வு நிலையங்கள் நடக்கின்றன. சலரோகம், பிரஷர் போன்றவற்றை வருத்தம் முற்றுமுன் பிடிப்பது நோக்கம். செருப்பைக் கழற்றி ஏறினால் நிறை. சுவரோடு நின்றால் உயரம். கிலோவில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடற்திணிவுச் சுட்டி, வாய்வழக்கில் பி.எம்.ஐ. அந்த எண் கொப்பியில் ஏறும். சில இடங்களில் நிறையை வரிசை முழுவதற்கும் கேட்கும்படி உரத்துச் சொல்லுவார்கள். அப்படிச் சொல்லப்பட்ட ஒரு பெண் அடுத்த கிளினிக்குக்கு வரமாட்டார் என்பதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

வரிசையில் மூன்று பேர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவது, வயல் வேலைக்குப் போகிற ஒரு அக்கா. உயரம் 150 சென்ரிமீற்றர், நிறை 72 கிலோ. சுட்டி 32. இரண்டாவது, ஒரு ரீச்சர். 152 சென்ரிமீற்றர், 58 கிலோ, சுட்டி 25. மூன்றாவது, ஓட்டோ ஓடுகிற தம்பி. 165 சென்ரிமீற்றர், 62 கிலோ. சுட்டி 22.8. கை கால் மெலிவு, முன்னால் மட்டும் கொஞ்சம் வண்டி.

உலக சுகாதார நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி 25க்கு மேல் அதிக நிறை, 30க்கு மேல் உடற்பருமன். 30 முதல் 35 வரை முதலாம் வகுப்பு, 40 வரை இரண்டாம் வகுப்பு, அதற்கு மேல் மூன்றாம் வகுப்பு. அக்காவுக்கு முதலாம் வகுப்புப் பருமன். ரீச்சர் கோட்டைச் சற்றே தாண்டியவர். தம்பி சுகதேகி. கொப்பியை மட்டும் பார்க்கிறவர் அக்காவை இருத்திவைத்துப் புத்தி சொல்லுவார், தம்பியை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

இனிக் கொப்பிக்கு வெளியே போவோம். அக்காவின் பிரஷர் சரி, வெறும் வயிற்றுச் சீனி சரி, இரவில் நல்ல நித்திரை, முழங்காலில் நோ இல்லை. ரீச்சருக்கு ஐந்து வருடமாகச் சலரோகம். பிரஷருக்குக் குளிசை. ஈரலில் கொழுப்பு என்று ஸ்கானில் எழுதியிருக்கிறது. இரவில் குறட்டை, பகலில் வகுப்பில் நின்றபடியே கண் சொருகும். தம்பிக்கு இடுப்புச் சுற்றளவு 94 சென்ரிமீற்றர், வெறும் வயிற்றுச் சீனி 118. அது சலரோகம் இல்லை, அதன் படலை. இவர்களில் யாருடைய பருமன் கடுமையானது?

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் குழப்பத்தின் வேர் தெரியும். 1830களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ஃப் கெட்டலே என்ற கணிதவியலாளர், வளர்ந்த மனிதரின் நிறை உயரத்தின் வர்க்கத்தோடு ஒத்துப் போகிறது என்று கவனித்தார். அவர் தேடியது சராசரி மனிதனை. நோயாளியைப் பற்றி அவருக்கு அக்கறை இருக்கவில்லை. 1972இல் அமெரிக்காவின் அன்செல் கீஸ் ஐந்து நாடுகளைச் சேர்ந்த சுமார் 7,400 பேரின் அளவுகளை வைத்து, கையிலிருக்கும் சூத்திரங்களில் இதுவே பரவாயில்லை என்று முடிவுசெய்து, உடற்திணிவுச் சுட்டி என்ற பெயரையும் கொடுத்தார். அந்த 7,400 பேரும் ஆண்கள். கீஸ் இதைக் கூட்டம் கூட்டமாக மனிதரை ஒப்பிடுவதற்கான கருவியாகத்தான் பார்த்தார். கிளினிக் மேசையில் ஒரு தனி ஆளின் தலைவிதியாக அது மாறியது பிற்பாடு.

நம்மவர் உடலில் அந்தச் சுட்டி எவ்வளவு தடுமாறும் என்பதைக் காட்டிய மிக அழகான படம் 2004இல் லான்செட் இதழில் வந்தது. பூனாவின் கே.இ.எம். வைத்தியசாலையைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த ஜோன் யுட்கின் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்த படம். இருவரின் சுட்டியும் 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம். யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். ஒரே எண், ஒருவரில் இரண்டு மடங்குக்கு மேல் கொழுப்பு. வெள்ளைக்காரர் ஓட்டப் பழக்கம் உள்ளவர், அதுவும் ஒரு காரணம்தான். ஆனாலும் மெலிந்த கை காலும் கொழுத்த நடுவும் தென்னாசியாவின் பொது உருவம். பூனாவில் பிறந்த குழந்தைகளை லண்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டபோது, நிறை குறைந்த இந்தியக் குழந்தைகளிலும் கொழுப்பு மட்டும் அந்தளவுக்குக் குறைந்திருக்கவில்லை என்று யாஜ்னிக்கின் குழு எழுதியது. குறைந்தது தசைதான்.

அதே 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆசியருக்கு 23, 27.5 என்ற தாழ்ந்த படிகளைப் பரிந்துரைத்தது. இந்திய வைத்தியர்கள் 2009இல் இன்னும் இறக்கி, 25ஐயே உடற்பருமனின் தொடக்கமாக வைத்தார்கள். ஆண்களின் இடுப்பு 90 சென்ரிமீற்றருக்கும் பெண்களின் இடுப்பு 80க்கும் மேல் போகக்கூடாது என்றார்கள். கோட்டை நகர்த்துவது நல்லதுதான். இருந்தாலும் அது கோடுதான். இலங்கையிலேயே 2005–2006இல் ஐயாயிரம் பேரை வைத்துப் பெரிய சலரோக ஆய்வொன்று நடந்தது. இருபது வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 சதவீதத்தினருக்குச் சலரோகம் என்றது. ஏழு மாகாணங்களில் அளந்தார்கள், யுத்தத்தால் வடக்கையும் கிழக்கையும் விட்டுவிட்டார்கள். நாட்டுக் கணக்கு என்று பேசப்பட்டதில் வன்னி மக்களின் இடுப்பு ஒன்றுகூட இருக்கவில்லை.

குளத்துக்குத் திரும்புவோம். தோலுக்குக் கீழே இருக்கும் கொழுப்பு உண்மையில் ஒரு நல்ல சேமிப்பு. சாப்பாட்டில் மிஞ்சுவதை வாங்கிப் பத்திரமாக வைத்திருக்கும். இந்தக் குளத்தின் கொள்ளளவு ஆளுக்கு ஆள் வேறு. குளம் நிரம்பிய பிறகு வருவது வான் பாயும்: ஈரலுக்குள், குடலைச் சுற்றி, தசைக்குள், கணையத்துக்குள். கொழுப்பு ஏறிய ஈரல் இன்சுலின் சொல்வதைக் கேட்காமல் சீனியை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். கணையம் களைத்துப் போகும். இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த ரோய் டெய்லர், ரூரி ஹோல்மனோடு சேர்ந்து 2015இல் இதற்குக் கொடுத்த பெயரைத் தமிழில் ஆளுக்கான கொழுப்பு எல்லை எனலாம். அவர் குளத்தை உவமையாகச் சொன்னாரா என்று கேட்காதீர்கள், அது என்னுடைய சேர்க்கை. பின்னர் அவருடைய குழு, பருமன் இல்லாத, சுட்டி சராசரி 24.8 உள்ள, ஆனால் சலரோகம் வந்த 20 பேரை எடுத்து நிறையைப் பத்து சதவீதமளவு குறைக்க வைத்தது. 14 பேருக்குச் சலரோகம் பின்வாங்கியது. அவர்களுடைய குளம் சின்னது. கொஞ்சம் வற்ற வைத்ததும் வான் நின்றது.

அக்காவின் குளம் பெரியது, இன்னும் வழியவில்லை. தம்பியின் குளம் ஒரு மடு.

இதனால்தான் நாடாவுக்குத் தராசைவிட மதிப்பு ஏறிவருகிறது. இடுப்பை அளப்பது இலகு என்று நினைத்தால் தவறு. சாரம் கட்டும் இடத்தில் அளந்தால் வண்டிக்குக் கீழே அளந்ததாகிவிடும். கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை விட்டு முடிக்கும் கணத்தில் அளக்க வேண்டும். வயிற்றை எக்கிப் பிடிக்கிறவர்களோடு கொஞ்சம் கதை கொடுத்தால் தானாக விட்டுவிடுவார்கள். பிரித்தானியாவின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டி இன்னும் சுருக்கமான சோதனையைச் சொல்கிறது: இடுப்புச் சுற்றளவு உயரத்தின் பாதிக்குள் நிற்கட்டும். ஒரு கயிற்றால் உயரத்தை அளந்து, அதை இரண்டாக மடித்து இடுப்பைச் சுற்றிப் பார்த்தால் போதும், எண்ணே வேண்டாம். தம்பியின் கயிறு எட்டாது. 94ஐ 165ஆல் வகுத்தால் 0.57.

தராசு பொய் சொல்லும் வேறு இடங்களும் வன்னியில் உண்டு. முதலாவது, யுத்தத்தில் கால் இழந்தவர்கள். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லாத ஒருவர் பொய்க்காலைக் கழற்றி வைத்துவிட்டு 72 கிலோ நிற்கிறார், உயரம் 165 என்று வைப்போம். சுட்டி 26.4 என்று வரும். ஆனால் முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி பாதத்தோடு சேர்த்து உடல் நிறையில் 5.9 சதவீதம் என்பது மருத்துவப் புத்தகக் கணக்கு. இல்லாத அந்தக் காலையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்: 72ஐ 0.941ஆல் வகுத்தால் 76.5 கிலோ. சுட்டி 28ஐத் தாண்டும். ஒரு படி மேலே போய்விட்டார். முழுக் கால் என்றால் 16 சதவீதம், முழுக் கை என்றால் 5. பொய்க்காலோடு நிறுத்தி நிறுத்தால் பிழை எந்தப் பக்கம் போகும் என்றே சொல்ல முடியாது. இந்தத் திருத்தத்தைச் செய்ய ஒரு கல்குலேற்றரும் ஒரு சிறிய அட்டவணையும் போதும். கால் இழந்தவர்கள் இவ்வளவு பேர் வாழும் மண்ணில் அந்த அட்டவணை ஒவ்வொரு தராசுக்குப் பக்கத்திலும் ஒட்டியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இரண்டாவது, வீக்கம். காரணம் தெரியாத சிறுநீரக நோய் வடமத்திய மாகாணத்தோடு நிற்காமல் வவுனியா மாவட்டத்திலும் பதிவாகியிருக்கிறது. சிறுநீரகம் தளர்ந்து உடலில் நீர் கட்டினால் தராசு அதையும் நிறை என்றே சொல்லும். கணுக்காலுக்கு மேல் பெருவிரலால் அமர்த்திப் பார்த்தால் குழி விழும். அது பருமன் இல்லை, தண்ணீர். மூன்றாவது, கூன் விழுந்த ஆச்சிமார். உயரம் குறைந்ததால் சுட்டி கூடிக்கொண்டு போகும், சாப்பாடு குறைந்துகொண்டு வந்தாலும். ஸ்கான்களில் மிகத் துல்லியமானது எம்.ஆர்.ஐ. உள்வயிற்றுக் கொழுப்பை அப்படியே படம்பிடித்துக் காட்டும். உடம்பில் செல் துண்டு இருக்கிறவரை அந்தக் காந்தத்துக்குள் விடுவதற்கு முன் வைத்தியர் பலமுறை யோசிக்க வேண்டியிருக்கும் என்பது இன்னொரு வன்னிக் கதை.

சரி, அளந்தாயிற்று. கடுமை என்பது என்ன?

கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த ஆர்யா சர்மாவும் அமெரிக்காவின் ரொபேர்ட் குஷ்னரும் 2009இல் ஒரு பதில் சொன்னார்கள். புற்றுநோய்க்கும் இதயச் செயலிழப்புக்கும் படிநிலை சொல்வதுபோலப் பருமனுக்கும் சொல்வோம் என்றார்கள். எட்மன்டன் படிநிலை என்று பெயர். பூச்சியத்திலிருந்து நான்கு வரை. பூச்சியம் என்றால் பருமன் இருக்கிறது, பாதிப்பு இல்லை. ஒன்று என்றால் எல்லையில் நிற்கும் பிரஷர், எல்லையில் நிற்கும் சீனி, ஏறினால் இளைப்பு. இரண்டில் சலரோகம், நித்திரையில் மூச்சு அடைபடுதல், மூட்டுத் தேய்வு போன்ற நிலைபெற்ற வருத்தங்கள். மூன்றில் மாரடைப்பு, இதயச் செயலிழப்பு போன்ற உறுப்புச் சேதம். நான்கு இறுதிக் கட்டம். அமெரிக்காவின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்புத் தரவுகளில் இதைப் பொருத்திப் பார்த்து 2011இல் வெளியிட்டபோது, யார் முந்தி இறந்தார்கள் என்பதைச் சுட்டியைவிட இந்தப் படிநிலையே நன்றாகப் பிரித்துக் காட்டியது. நம் அக்கா பூச்சியம். ரீச்சர் இரண்டு. சுட்டி 32 உள்ளவர் கீழே, 25 உள்ளவர் மேலே.

2025 ஜனவரியில் லான்செட் குழு ஒன்று இந்த வழியிலேயே இன்னும் தூரம் போனது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பிரான்செஸ்கோ ரூபினோ தலைமை. சுட்டியை மட்டும் வைத்து யாரையும் பருமன் என்று சொல்லாதீர்கள், இடுப்பையோ வேறொரு அளவையோ சேர்த்து உறுதிப்படுத்துங்கள் என்றது. சுட்டி 40க்கு மேல் போனவருக்கு மட்டும் அந்த விசாரணை தேவையில்லை. அதன் பிறகு இரண்டு கூறாகப் பிரித்தது: உறுப்புகளையோ அன்றாட வாழ்வையோ கெடுக்கத் தொடங்கிவிட்ட நோய்ப் பருமன், இன்னும் கெடுக்காத முன்நிலைப் பருமன். பெரியவர்களுக்கு 18 அடையாளங்கள், பிள்ளைகளுக்கு 13. இதில் ஒரு விசித்திரம், சலரோகம் மட்டும் இருந்தால் நோய்ப் பருமன் ஆகாது. சீனி கூடி, டிரைகிளிசரைட் கூடி, நல்ல கொலஸ்ரரோல் குறைந்து மூன்றும் சேர்ந்து வரவேண்டும். நம் ரீச்சர் சலரோகத்தால் அல்ல, பிரஷராலும், குறட்டையின் பின்னால் இருக்கும் மூச்சடைப்பு உறுதியானால் அதனாலும்தான் நோய்ப் பருமனுக்குள் வருவார். எனக்கு இது நூல் பிடித்த சட்டம்போல இருக்கிறது. அதே மாதம் இந்திய வைத்தியர்களும் தங்கள் 2009 அளவைத் திருத்தி, சுட்டி 23க்கு மேல் என்பதையே பருமனாக வைத்து, பாதிப்பு இல்லாதது முதல் நிலை, வண்டியோடு பாதிப்பும் சேர்ந்தது இரண்டாம் நிலை என்று எளிமையாக்கினார்கள். கிராமத்து டொக்டருக்கு இது கைக்கடக்கம்.

இந்தப் பிரிவினையில் ஆபத்து இல்லாமல் இல்லை. முன்நிலை என்று எழுதிவிட்டால் ‘வருத்தம் வந்த பிறகு வா’ என்று அனுப்பிவிடுவார்கள் என்பது ஒரு பயம். பருமனுக்கான ஊசி மருந்துகள் விலையுயர்ந்து நிற்கும் காலத்தில், யாருக்கு முதலில் என்று கேட்கிற அரசுகளுக்கு இந்தப் படிநிலைகள் வரிசைச் சீட்டாக மாறலாம். ஆனால் சத்திரசிகிச்சைக்குச் சுட்டி 40, வருத்தம் இருந்தால் 35 என்று 1991இல் அமெரிக்காவில் எழுதிய எண்ணை உலகமே முப்பது வருடம் பிடித்துத் தொங்கியதைவிட இது மேல்.

கடுமையை அளக்கும் இந்த முறைகளில் எனக்குப் பிடித்தது உறுப்புப் பட்டியல் அல்ல. அன்றாட வாழ்வு என்ற அந்த ஒரு வரி. நடமாட முடிகிறதா, குளிக்க, உடுக்க, மலசலகூடம் போக முடிகிறதா. வெளிநாட்டுப் படிவங்களில் எத்தனை மாடிப்படி ஏறுவீர்கள் என்று கேட்பார்கள். மாடிப்படி ஏறாமலே ஒரு ஆயுளை முடிக்கிற ஊரில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம்? கிணற்றில் எத்தனை வாளி தொடர்ந்து அள்ளுவீங்கள், குந்தியிருந்து மீன் வெட்ட ஏலுமோ, நிலத்தில் இருந்தால் கை ஊன்றாமல் எழும்புவீங்களோ, பஸ்ஸின் முதல் படியில் கால் வைக்க ஆள் பிடிக்க வேணுமோ, வரம்பில் நடந்தால் எத்தனை தரம் நிற்பீங்கள். இப்படிக் கேட்டால் கடுமை தானாக வெளியே வரும். செலவும் இல்லை.

பூவரசங்குளத்திலிருந்து செட்டிகுளம் போகிற வழியில்தான் 2009இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் இருந்தது. கடைசி ஆட்கள் வெளியேற 2012 செப்டெம்பர் ஆகிவிட்டது. யுத்தத்தின் கடைசி மாதங்களில் அரைவயிற்றுக் கஞ்சியோடு கிடந்துவிட்டு எலும்பும் தோலுமாய் அங்கே வந்து சேர்ந்தவர்கள் உடம்பு வைத்ததை, வெளிநாட்டில் இருந்த உறவுகள் படத்தில் பார்த்துச் சந்தோசப்பட்டார்கள். உடம்பு வைத்தால் தப்பிவிட்டார் என்று அர்த்தம். ‘என்ன மெலிஞ்சிட்டாய்’ என்பது இன்றும் இங்கே அனுதாபத்தின் குரலில்தான் வரும். அந்த வரலாற்றுக்குள் நின்று நிறையைக் குறையுங்கோ என்று சொல்கிற டொக்டருக்கு, தான் எதைக் குறைக்கச் சொல்கிறேன் என்று தெரிந்திருக்க வேண்டும். பட்டினி உடம்பின் கணக்கையே மாற்றிவிடும் என்பதற்கும் சான்று உண்டு. 1944–45 குளிர்காலத்தில் ஒல்லாந்தில் வந்த பஞ்சத்தின்போது, கர்ப்பத்தின் முதல் பாதியை அதற்குள் கழித்த குழந்தைகளில் பத்தொன்பது வயதில் பருமன் கூடியிருந்ததாக 1976இல் எழுதினார்கள். 1967–70 பியாஃப்ரா பஞ்சத்தில் பிறந்தவர்களிடம் நாற்பது வயதில் பிரஷரும் சீனிக் கோளாறும் கூடியிருந்தன. பட்டினியில் பிறந்தவனின் குளம் சின்னதாய் வெட்டப்படுகிறது என்று சொல்லலாம். 2009இல் பிறந்த வன்னிப் பிள்ளைகள் இப்போது உயர்தர வகுப்புக்கு வரும் வயது.

நான் ஒருநாள் ஒரு கிளினிக்கில் பக்கத்து வாங்கிலில் இருந்து கேட்டது. சுட்டி 29 என்று எழுதிவிட்டு, இளம் டொக்டர் பிள்ளை நிமிர்ந்து கேட்டார்.

“நிலத்தில இருந்தா எழும்ப ஏலுமோ அம்மா?”

“நான் நிலத்தில இருக்கிறேல்லைத் தம்பி.”

“எப்ப தொடக்கம்?”

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். “கோயில்ல விழுந்து கும்பிட்டு மூண்டு வருசம் இருக்கும். இப்ப நிண்டபடிதான்.”

கொப்பியில் அதற்கென்று கட்டம் இல்லை. டொக்டர் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.